வலு இரும்பில் இல்லை

காயல்பட்டினத்தில் பழைய கார் வாங்க நினைப்பவர் பெயின்டைப் பார்த்து ஏமாறக் கூடாது. வண்டிக்கு அடியில் படுத்து, அதன் சட்டகமான சேசிஸை ஸ்பேனரால் மெல்லத் தட்டிக்கொண்டே போக வேண்டும். கணீரென்று ஒலித்தால் இரும்பு இருக்கிறது. மொத்தென்று மந்தமாகக் கேட்டால் அந்த இடத்தில் உள்ளே துருச் செதில்கள்தாம் இருக்கின்றன. டிங்கரிங் பார்த்து, பட்டி வைத்து, கண்ணாடிபோல் மெருகேற்றிய வண்டியும் அடியில் இப்படி இருக்கலாம்.

ஒரு பக்கம் மன்னார் வளைகுடா. மறுபக்கம் முள்ளக்காடு, பழையகாயல், ஆறுமுகநேரி என்று தொடரும் உப்பளங்கள். இரண்டுக்கும் நடுவில் வீசும் காற்றில் கண்ணுக்குத் தெரியாத உப்புத் துகள்கள் எப்போதும் மிதக்கின்றன. உப்பு நேரடியாக இரும்பைத் தின்பதில்லை. இரும்பின் மேல் ஈரத்தைப் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். எனவே மாதக்கணக்கில் மழை பெய்யாவிட்டாலும் கடற்கரை ஊரில் நிற்கும் வண்டியின் அடிப்பாகம் நனைந்தே இருக்கிறது. அந்த உப்பு நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். துருப்பிடித்தல் என்பதே ஒரு மின்வேதி வினை என்பதால், கடத்தும் நீர் அதற்கு வேகம் கொடுக்கிறது.

கதவு துருப்பிடித்தால் வேறு கதவு போடலாம். தரைத் தகடு ஓட்டையானால் ஒட்டுப்போடலாம். சேசிஸ் போனால் வண்டியே போயிற்று. அப்படிப் போன வண்டிக்குப் புதிதாக ஒரு சட்டகம் செய்தால் என்ன? அமெரிக்காவில் இது பெரிய தொழில். பழைய காரின் உடலுக்கு அடியில் புதுச் சட்டகம், அதில் பெரிய எஞ்சின். அப்படி உருவாகும் வண்டிக்கு ஹாட் ராட் என்று பெயர். நான்கு இரும்புக் குழாய்களை வெட்டி ஒட்டும் வேலைபோலத் தோன்றும் இதற்குள் நுணுக்கமான இயற்பியல் இருக்கிறது.

நான்காவது சக்கரத்தின் தொல்லை

சேசிஸ் எப்படி இருக்கும் என்பதைத் தமிழ்நாட்டில் யாருக்கும் படம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. கூரை இல்லை, கண்ணாடி இல்லை. முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, தற்காலிக இருக்கையில் அமர்ந்து, வெறும் எலும்புக்கூட்டை ஒருவர் நெடுஞ்சாலையில் ஓட்டிப் போவதைப் பார்த்திருப்போம். தொழிற்சாலையிலிருந்து கரூருக்குப் பேருந்து பாடி கட்டப் போகும் வண்டி அது. எஞ்சின், கியர், ஸ்டியரிங், பிரேக், சக்கரம் எல்லாம் அதில் ஏற்கெனவே உண்டு. நீளவாக்கில் இரண்டு இரும்புச் சட்டங்கள், இடையிடையே குறுக்குச் சட்டங்கள் என்று ஏணியைப் படுக்க வைத்த அமைப்பு. கரூரில் ஏறுவது உடல் மட்டும்தான்.

இந்த ஏணியின் முதல் வேலை எடை தாங்குவது. அது எளிது. ஓர் அடி அளவுகோலைப் படுக்கவைத்து அழுத்தினால் வளையும். நிமிர்த்தி விளிம்பின் மேல் அழுத்தினால் வளைக்க முடியாது. 30 மி.மீ. அகலமும் 3 மி.மீ. தடிமனும் உள்ள தகட்டை நிமிர்த்தி வைத்தால் அதன் விறைப்பு 100 மடங்கு கூடுகிறது. பொருள் அதேதான், எடையும் அதேதான். நிற்கும் விதம் மட்டும் மாறியது. சேசிஸின் நீளச் சட்டங்கள் அகலத்தைவிட உயரம் அதிகமாக இருப்பது இதனால்தான்.

முறுக்கத்தைத் தாங்குவதுதான் கடினமான வேலை. இரட்டைச் சக்கர மாட்டுவண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் வண்டி முழுவதும் அந்தப் பக்கம் சாயும், அவ்வளவுதான். முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்கும், ஏனென்றால் மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமையும். நான்காவது கால் வந்ததும் சிக்கலும் வருகிறது. காரின் முன் இடது சக்கரம் மேட்டில் ஏறி, பின் இடது சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது, முன்பாதியை ஒரு பக்கமும் பின்பாதியை மறுபக்கமும் சாலை திருகுகிறது. ஈரத் துணியைப் பிழிவதுபோல, ஒவ்வொரு நொடியும்.

வில்பட்டைகளும் ஷாக் அப்சார்பர்களும் இருக்கின்றனவே என்று கேட்கலாம். அவை ஒழுங்காக வேலை செய்ய, அவற்றைப் பிடித்திருக்கும் சட்டகம் அசையாமல் இருக்க வேண்டும். சட்டகமே நெளிந்தால் அதுவும் ஒரு ஸ்பிரிங் ஆகிவிடுகிறது, அதுவும் ஷாக் அப்சார்பர் இல்லாத ஸ்பிரிங். வளைவில் வண்டி எப்படித் திரும்பும் என்பதை ஓட்டுநரால் கணிக்க முடியாது. சக்கரங்களின் கோணம் மாறும், கதவுகள் சரியாகச் சாத்தாது, நாளடைவில் இணைப்புகளில் விரிசல் விழும்.

உப்பு வெளியில் ஓடிய வண்டிகள்

1908இல் வந்த ஃபோர்டு மாடல் டி காரின் சட்டகம் நன்றாக நெளியும். அன்றைய மண் சாலைகளுக்கு அந்த நெகிழ்வு ஒரு வசதியாகவே இருந்தது. நான்கு சக்கரங்களும் தரையை விடாமல் பிடித்தன. 20 குதிரைத்திறன் எஞ்சினுக்கு அது தாராளமாகப் போதும். 1927 வரை ஒன்றரைக் கோடி வண்டிகள் அப்படி ஓடின.

1932இல் ஃபோர்டு நிறுவனம் சாதாரண மக்களும் வாங்கும் விலையில் வி8 எஞ்சினைக் கொண்டுவந்தது. அதன் ஆற்றல் 65 குதிரைத்திறன், பழைய டி மாடலைப் போல மூன்று மடங்குக்கும் மேல். தெற்குக் கலிஃபோர்னியா இளைஞர்களின் கையில் மலிவான பழைய ஃபோர்டுகள் ஏராளமாக இருந்தன. அவர்கள் மட்கார்டையும் பானெட்டையும் கழற்றி எடையைக் குறைத்தார்கள், வி8 எஞ்சினைப் பொருத்தினார்கள், மூரோக் என்ற வறண்ட ஏரிப் படுகையில் பந்தயம் விட்டார்கள். 1937இல் தெற்குக் கலிஃபோர்னியா டைமிங் அசோசியேஷன் என்ற சங்கம் உருவாகி இந்தப் பந்தயங்களை ஒழுங்குபடுத்தியது. 1949 முதல் அவர்கள் யூட்டா மாநிலத்தின் பானவில் உப்பு வெளிக்குப் போனார்கள். அடிவானம் வரை தட்டையாகக் கிடக்கும் வெள்ளை உப்புத் தரை அது. வேகத்துக்கு அதைப்போல வேறு தரை இல்லை, இரும்புக்கு அதைப்போல எதிரியும் இல்லை. பந்தயம் முடிந்ததும் சட்டகத்தின் மூலைமுடுக்கெல்லாம் நன்னீரால் கழுவுவது அங்கே கட்டாயப் பழக்கம்.

மூன்று மடங்கு ஆற்றலைப் பழைய சட்டகத்தில் வைத்ததும் அதன் குறை வெளிப்பட்டது. ஆக்சிலரேட்டரை மிதித்த கணமே எஞ்சினின் முறுக்குவிசை சட்டகத்தைத் திருகியது. மேடுபள்ளமே இல்லாத தரையிலும் வண்டி முறுக்கிக்கொண்டது. சட்டகத்தை மாற்றும் கலை அங்கிருந்துதான் பிறந்தது.

ஒரு தகடு செய்யும் மாயம்

துணிக்கடையில் துணி சுற்றி வரும் அட்டைக் குழாய் ஒன்றை எடுத்து இரு கைகளாலும் முறுக்கிப் பாருங்கள். அசையாது. இப்போது நீளவாக்கில் ஒரே ஒரு கோடாக அதைக் கத்தியால் கீறிவிட்டு மறுபடி முறுக்குங்கள். துவண்டுவிடும். அட்டை ஒரு கிராம்கூடக் குறையவில்லை. முறுக்கும் விசை முன்பு குழாயின் சுவரைச் சுற்றி ஒரு வளையமாக ஓடிக்கொண்டிருந்தது. கீறலில் அந்த வளையம் அறுந்தது. இப்போது கீறிய இரு விளிம்புகளும் ஒன்றையொன்று உரசிச் சறுக்குகின்றன. அதைத் தடுக்க எதுவும் இல்லை.

பழைய கார்களின் நீளச் சட்டம் பெரும்பாலும் சி சேனல், அதாவது ஒரு பக்கம் திறந்த பெட்டி. கீறிய குழாயின் உறவுக்காரர். ஹாட் ராட் பட்டறைகள் முதலில் செய்வது அந்தத் திறந்த பக்கத்தை ஒரு தகட்டால் மூடி வெல்டிங் வைப்பது. 100 மி.மீ. உயரம், 50 மி.மீ. அகலம், 3 மி.மீ. தகடு என்று வைத்துக் கணக்கிட்டால், மூடிய பிறகு எடை ஒன்றரை மடங்குதான் ஆகிறது. முறுக்கத்தை எதிர்க்கும் விறைப்போ சுமார் 550 மடங்கு கூடுகிறது. இது ஒற்றைச் சட்டத்துக்கான கணக்கு. முழுச் சட்டகத்தில் இணைப்புகளும் குறுக்குச் சட்டங்களும் சேர்வதால் பலன் இவ்வளவு இருக்காது. என்றாலும் ஒரு தகட்டால் வண்டியின் குணமே மாறிவிடும்.

உயர்ரக எஃகு வாங்கிப் போட்டால் இந்தச் சிரமம் எதற்கு என்று தோன்றும். அங்கேதான் பலருக்கும் ஆச்சரியம் காத்திருக்கிறது. சாதாரண இரும்புக் கடை எஃகானாலும் விலை உயர்ந்த உலோகக் கலவை எஃகானாலும், ஒரே சுமைக்கு ஏறக்குறைய ஒரே அளவுதான் வளைகின்றன. உயர்ரக எஃகு நிரந்தரமாகக் கோணிப்போவதற்கு முன் அதிகச் சுமை தாங்கும். அதுவரை அதுவும் மற்றதைப் போலவே நெளியும். வலிமை வேறு, விறைப்பு வேறு. வலிமையைக் கடையில் வாங்கலாம். விறைப்பு வடிவத்திலிருந்துதான் வர வேண்டும்.

வடிவத்தில் பிழை வந்துவிடாமல் காப்பது அடுத்த சவால். வெல்டிங்கில் சுமார் 1,500 டிகிரி செல்சியஸில் உருகும் எஃகு, ஆறும்போது சுருங்கித் தன் பக்கம் இழுக்கும். மூன்று மீட்டர் நீளச் சட்டத்தில் ஒரே பக்கமாக வெல்டிங் வைத்துக்கொண்டே போனால் அது வாழைப்பழமாக வளைந்துவிடும். அதனால் கனமான ஜிக் மேசையில் சட்டங்களை இறுக்கிக் கட்டி, முதலில் அங்கங்கே டேக் அடித்து, பிறகு இடமும் வலமும் மாறி மாறிச் சிறு சிறு துண்டுகளாக வெல்டிங் வைக்கிறார்கள். கடைசியில் மூலைக்கு மூலை குறுக்காக அளக்கிறார்கள். வீடு கட்டும் கொத்தனார் அஸ்திவாரத்துக்குக் கயிறு பிடித்துச் சரிபார்ப்பதும் இதே முறைதான். இரண்டு மூலைவிட்டங்களும் சமமானால் சட்டகம் மூலைமட்டமாக இருக்கிறது.

வாங்குபவர் காசு கொடுப்பதும் உண்மையில் இந்த அளவுகளுக்குத்தான். எஞ்சின் உட்காரும் இடம், உடலை முடுக்கும் துளைகள், ஸ்டியரிங் பெட்டியின் கோணம், பின் அச்சின் நேர்மை எல்லாம் துல்லியமாக அமைய வேண்டும். 1932 ஃபோர்டின் சட்டகம் இன்றும் புதிதாகச் செய்து விற்கப்படுகிறது. தொண்ணூறு ஆண்டுப் பழைய உடலைக் கொண்டுபோய் வைத்தால் போல்ட்டுகள் துளைகளில் இறங்க வேண்டும். இறங்கினால்தான் அது சரக்கு.

வண்டலூரிலும் கோவையிலும்

இந்தியாவின் பழைய கார்களில் இந்த வேலைக்கு எல்லாமும் ஒத்துவராது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்த அம்பாசடருக்கும், ஃபியட்டிலிருந்து வந்த பிரீமியர் பத்மினிக்கும் தனிச் சேசிஸ் கிடையாது. கூரை, தூண்கள், தரை எல்லாம் சேர்ந்த உடலே அங்கே சட்டகம். முட்டை ஓடுபோல முழு வடிவமும் சுமை தாங்குகிறது. அதிலிருந்து உடலைத் தனியாகத் தூக்க முடியாது.

தமிழ்நாட்டில் உருவான ஒரு கார் இதற்கு விலக்கு. சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் தயாரித்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டுதான் அது. அதன் மூலம் 1959இல் இங்கிலாந்தில் வந்த டிரையம்ஃப் ஹெரால்டு. உலகமே உடலும் சட்டகமும் ஒன்றான கார்களுக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில் ஹெரால்டு தனிச் சேசிஸுடன் வந்ததற்குக் காரணம் வியாபாரப் போட்டி. டிரையம்ஃபுக்கு உடல் செய்து தந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. முழு உடலையும் ஒரே இடத்தில் செய்ய ஆளில்லாமல் போகவே, உடலைப் பல துண்டுகளாகப் பிரித்து, ஒரு சேசிஸின் மேல் போல்ட் போட்டு முடுக்கும்படி வடிவமைத்தார்கள். தோற்றத்தைத் தந்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி.

அந்தக் கட்டாயம் ஒரு வாய்ப்பாக மாறியது. துண்டுகளாகக் கப்பலில் அனுப்பி வேறு நாட்டில் பூட்டுவதற்கு ஹெரால்டு வசதியாக அமைந்தது. அதே சேசிஸின் வழிவந்தவைதாம் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயரும் விட்டெஸ்ஸும். பாண்ட் என்ற சிறு நிறுவனம் ஹெரால்டு சேசிஸின் மேல் தன் சொந்த உடலை ஏற்றி எக்விப் என்று விற்றது. வண்டலூர்க்காரர்கள் இந்தியக் குடும்பங்களுக்காக நான்கு கதவு ஹெரால்டைச் செய்தார்கள். பிறந்த நாடான இங்கிலாந்தில் அந்த வகையே கிடையாது.

சட்டகத்தைத் தானே வடிவமைத்து விற்ற கதை என்றால் கோயம்புத்தூருக்குப் போக வேண்டும். 1980களின் இறுதியில் எஸ். கரிவரதன் என்ற பந்தய வீரர் மாருதி 800இன் 796 சி.சி. எஞ்சினை வைத்து ஓர் ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். ஃபார்முலா மாருதி என்று அது பெயர் பெற்றது. அதுவரை இந்தியப் பந்தயம் வசதி படைத்தவர்கள் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த வண்டிகளை நம்பி இருந்தது. ஃபார்முலா மாருதியின் எஞ்சினுக்கு உதிரிபாகம் எந்த ஊர் மெக்கானிக்கிடமும் கிடைக்கும். எல்லோருக்கும் ஒரே சட்டகம், ஒரே எஞ்சின் என்பதால் வண்டியைவிட ஓட்டுபவரின் திறமை வென்றது. 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும், பிறகு அங்கே போன கருண் சந்தோக்கும் ஃபார்முலா மாருதியில் ஓட்டிப் பழகியவர்கள். கரிவரதன் 1995இல் விமான விபத்தில் இறந்தார். கோவை செட்டிப்பாளையத்துப் பந்தயத் தடம் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று அவர் பெயரைத் தாங்குகிறது.

இத்தகைய பந்தயக் காரின் சட்டகத்தில் ஏணி அமைப்புக்குப் பதில் மெல்லிய குழாய்களால் ஆன முக்கோணக் கூண்டு வரும். நான்கு குச்சிகளை ஆணியடித்துச் செய்த சதுரத்தை மூலையில் தள்ளினால் சாய்ந்துவிடும். குறுக்கே ஒரு குச்சி வைத்தால் அசையாது. முக்கோணத்தின் பக்கங்கள் நீளம் மாறாமல் அதன் வடிவம் மாறாது. அதனால் அங்கே எந்தக் குழாயும் வளைய வேண்டியதில்லை. இழுபடும் அல்லது அமுங்கும், அவ்வளவே. அந்த இரண்டையும் மெல்லிய குழாய்கூட நன்றாகத் தாங்கும்.

மூடினால் வரும் ஆபத்து

இந்தப் பாடங்களை எடுத்துக்கொண்டு காயல்பட்டினத்தில் ஒரு சட்டகம் செய்தால், முறுக்கத்துக்காக நாம் மூடிய பெட்டியே எதிரியாக நிற்கும். திறந்த சி சேனலில் படியும் உப்பைக் கழுவலாம், வெயிலில் காயவைக்கலாம், தூரிகையால் பெயின்ட் அடிக்கலாம். மூடிய பெட்டிக்குள் இவை எதுவும் நடக்காது. வெல்டிங்கின் ஊசித்துளை வழியாகவோ போல்ட் ஓட்டை வழியாகவோ ஈரக் காற்று உள்ளே போகும். இரவில் சட்டகம் குளிரும்போது அந்த ஈரம் உட்சுவரில் நீர்த்துளியாகப் படியும். பகலில் வெளியேற வழி போதாது. துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும் என்பதால், இரண்டு தகடுகள் ஒட்டும் இடத்தில் புகுந்தால் அவற்றையே பிதுக்கிப் பிரித்துவிடும். ஹெரால்டின் பெட்டிச் சட்டங்களும், உடலைத் தாங்கப் பக்கவாட்டில் நீளும் கைகளும் உள்ளிருந்து அரிபடுவதை அந்தக் காரை வைத்திருப்பவர்கள் அறிவார்கள்.

இதற்கும் விடை வடிவத்தில்தான் கிடைக்கிறது. ஒவ்வொரு பெட்டியின் தாழ்ந்த மூலையிலும் நீர் வடியத் துளை வேண்டும். துளை வைத்தால் பலம் குறையுமே என்று பயப்படத் தேவையில்லை. பெட்டியின் நீளம் முழுக்கக் கீறுவதுதான் வளையத்தை அறுக்கும். சிறிய வட்டத் துளையைச் சுற்றிக்கொண்டு விசை ஓடிவிடும். அதே துளைகள் வழியாக உள்ளே மெழுகுக் கலவையைப் பீச்சியடித்துச் சுவரில் பூசலாம். முழுச் சட்டகத்தையும் சுமார் 450 டிகிரி செல்சியஸில் உருகிய துத்தநாகத் தொட்டியில் முக்கி எடுப்பது இன்னும் உறுதியான வழி. துத்தநாகம் இரும்புக்கு முன் தன்னைக் கொடுத்து அதைக் காக்கும். பூச்சில் கீறல் விழுந்தாலும் அருகிலுள்ள துத்தநாகமே முதலில் அரிபடும். இங்கேயும் துளைகள் அவசியம். முற்றிலும் மூடிய குழாய்க்குள் சிறிது நீர் சிக்கியிருந்தால் அந்த வெப்பத்தில் நீராவியாகி வெடித்துவிடும். அதனால் துளைகளின் இடத்தை வெல்டிங்குக்கு முன்பே வரைபடத்தில் குறித்தாக வேண்டும்.

எண் பொறித்த இடம்

இத்தனை திறமையும் கையில் இருந்தாலும் இந்தியச் சாலையில் ஹாட் ராட் ஓடுவது கடினம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறித்த அடிப்படை விவரங்கள் மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2021இல் ஒன்றிய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனி விதிகளைக் கொண்டுவந்தது. 50 ஆண்டுகளைத் தாண்டிய வண்டிக்கு வி.ஏ. என்ற எழுத்துகளுடன் தனி எண் கிடைக்கும். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், செல்லுபடியாவது 10 ஆண்டுகள். அதற்கு ஒரு நிபந்தனை: சேசிஸிலோ உடற்கூட்டிலோ எஞ்சினிலோ மாற்றம் செய்திருக்கக் கூடாது. பெட்டியாக மூடிய சட்டகம் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் அந்தத் தகுதியை இழக்கும். வண்டியின் அடையாள எண் பொறித்திருப்பதும் சேசிஸில்தான். அதை மாற்றியவர் சட்டத்தின் கண்ணில் காரையே மாற்றியவர் ஆகிவிடுகிறார்.

ஆகவே நம் ஊரில் சட்டகக் கலைக்கு இரண்டு வாசல்கள் திறந்திருக்கின்றன. ஒன்று பந்தயத் தடம். அங்கே பதிவெண் தேவையில்லை. கோவைப் பட்டறைகள் அந்த வழியில் நடந்து காட்டியிருக்கின்றன. மற்றொன்று அசல் வடிவத்தை மாற்றாத பழுதுபார்ப்பு. அரிபட்ட பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, அதே தடிமன் தகட்டை அதே வளைவில் மடித்து, மூலைவிட்டம் மாறாமல் வெல்டிங் வைத்து, அடைபட்ட வடிதுளைகளைத் திறந்துவிடுவது. முதல் வேலைக்குக் கற்பனை அதிகம் வேண்டும். இரண்டாவதற்குப் பொறுமை அதிகம் வேண்டும். உப்புக்காற்று வீசும் கரையில் ஹெரால்டு வைத்திருப்பவருக்கு இரண்டாவது வேலை தெரிந்த பட்டறைக்காரர்தான் தேவை. அவரிடம் எந்தக் கம்பெனி எஃகு என்று விசாரிப்பதைவிட, தண்ணீர் எந்த வழியாக வெளியே போகும் என்று விசாரிப்பது நல்லது.